இருபத்தொன்றுக்குப் பதினெட்டு

பேனா கொடுத்தால் பிள்ளைகள் திருப்பித் தருவதில்லை. அதனால் ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் நான் பென்சில்தான் வாங்குவேன். கோல்ஃப் ஆடும் இடங்களில் விரல் நீளத்துக்கு, பின்னால் ரப்பர் இல்லாமல் ஒன்று கொடுப்பார்களே, அதுதான். ரப்பர் இருந்தால் எழுதியதை அழித்துத் திருத்தத் தோன்றும். முதலில் மனதில் வந்ததையே எழுதட்டும் என்பது என் எண்ணம்.

நீங்கள் கேட்டது பென்சிலைப் பற்றி இல்லை. அந்தத் தாளைப் பற்றி. ஆனால் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இடையில் நிறுத்தாமல் கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

என் பெயர் ஜோன் ரோபெல். பிள்ளைகளுக்கு ஜோ. இருபத்துமூன்று வருடங்களாக இந்தக் கல்லூரியில் விளையாடும் பிள்ளைகளின் உடம்பு என் பொறுப்பு. நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. கணுக்கால் பிசகினால் கட்டுப் போடுவேன். தோள் இறங்கினால் ஐஸ் வைப்பேன். யார் இறங்கி ஆடலாம், யார் கூடாது என்று சொல்வேன். இந்தக் கடைசி வேலைதான் பெரியது. ஒரு பிள்ளை ஆடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டால் கோச் மட்டுமல்ல, கல்லூரித் தலைவரே வந்து நின்றாலும் அந்தப் பிள்ளையை இறக்க முடியாது. அப்படி ஒரு விதி. நல்ல விதி.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும் முன் எல்லாருக்கும் உடல் சோதனை. பெரிய உள்ளரங்கில் மேசைகளைப் போட்டு, ஒரு மேசையில் உயரமும் எடையும், அடுத்ததில் ரத்த அழுத்தம், அடுத்ததில் இதயம், முழங்கால் என்று நானூறு பேரும் வரிசையாக நகர்வார்கள். கடைசி மேசை என்னுடையது. அங்கே ஒரு தாள் கொடுப்பேன். கடைசி இரண்டு வாரத்தில் மனம் எப்படி இருந்தது என்று ஏழு கேள்விகள். படபடப்பு, தூக்கம், காரணமில்லாத பயம், இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை போடலாம். எல்லாவற்றுக்கும் மூன்று போட்டால் இருபத்தொன்று. பத்தைத் தாண்டினால் அந்தப் பிள்ளையை மனநல ஆலோசகரிடம் அனுப்பியே ஆக வேண்டும்.

வருடா வருடம் எனக்கு வந்து சேர்ந்தது சைபர்தான். முட்டி மோதி ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் பையன்கள் கேள்வியைப் படிப்பதற்கு முன்பே ஏழு சைபரையும் போட்டுவிட்டு நீட்டுவார்கள். ஒரு தடவை, நூற்று நாற்பது கிலோ இருந்த ஒருவனிடம் கேட்டேன்.

“இவ்வளவு பெரிய உடம்புல ஒரு கவலை கூடவாடா இல்ல?”

“இருக்கு ஜோ. சாப்பாடு தீர்றதுக்குள்ள இந்த வரிசை முடியுமான்னு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் வருடம் முழுக்க ஆட்டத்துக்கு முன் கழிப்பறையில் வாந்தி எடுத்தவன். வாளி பிடித்தது நான்.

அவர்கள் பொய் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஏழெட்டு வருடத்துக்கு முன் சாஃப்ட்பால் ஆடிய ஒரு பெண் நேர்மையாகப் பன்னிரண்டு போட்டாள். விதிப்படி தாளை ஆலோசனை மையத்துக்கு அனுப்பினேன். நாலாயிரம் மாணவர்களுக்கு அங்கே மூன்று ஆலோசகர்கள். அங்கிருந்து சரி என்று வரும்வரை அவளை ஆடாமல் உட்கார வைத்தேன். அவளுக்கு நேரம் ஒதுக்கிக் கடிதம் வந்தபோது சீசனின் கடைசி ஆட்டம் முடிந்திருந்தது. இந்தக் கதை எல்லா அணிக்கும் பரவியது. உண்மை எழுதியவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், பொய் எழுதியவர்கள் ஆடினார்கள். அப்புறம் யார் உண்மை எழுதுவார்கள்?

அந்த வருடம்தான் நான் முதல் மனுவை எழுதினேன். விளையாடும் பிள்ளைகளுக்கென்று தனியாக, முழு நேரமும் இருக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஓர் ஆள். எட்டு வருடம், எட்டு மனு. எங்கள் விளையாட்டுத்துறை இயக்குநர் கிரெக் டன்லீவி நல்ல மனிதர்தான். ஒவ்வொரு மனுவையும் வாங்கி, படித்து, எழுத்துப்பிழை இருந்தால்கூடச் சொல்லுவார். பிறகு அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்தக் கல்லூரியைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். யாராவது விழாமல் இங்கே எதுவும் வராது. ஜிம்னேசியத்தின் படிக்கட்டில் குளிர்காலத்தில் உப்புப் போடும்படி நான்கு வருடம் சொன்னேன். வேதியியல் பேராசிரியை ஒருவர் இடுப்பை உடைத்துக்கொண்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு உப்பு மூட்டை வந்தது. நின்றுபோன இதயத்தை மறுபடி துடிக்க வைக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் பூட்டிய அறையில். கூடைப்பந்து நடுவர் ஒருவர் ஆட்டத்தின் நடுவில் சாய்ந்து இறந்தார். ஒரே மாதத்தில் சுவருக்குச் சுவர் ஆறு பெட்டிகள். அந்த நடுவர் பெயரைச் சொல்லி நன்றிப் பலகை வேறு. நான் இதையெல்லாம் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குக் கோபம் தேவையில்லை.

போன ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தேன். தாளைக் கொடுக்கும் முன் ஒவ்வோர் அணியையும் உட்கார வைத்துப் பேசினேன். இந்த வருடம் உண்மையை எழுதுங்கள் என்றேன். உங்கள் தாள் என் கையைத் தாண்டிப் போய் எங்கேயோ கிடக்காது, யாரையும் உட்கார வைக்க மாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன், என்னை நம்பி எழுதுங்கள் என்றேன். பிள்ளைகள் என்னை நம்பினார்கள். இருபத்துமூன்று வருடம் கட்டுப் போட்ட கை.

பத்தொன்பது பேர் பத்தைத் தாண்டினார்கள். அதில் மூன்று பேர் பதினைந்தையும் தாண்டினார்கள்.

தாள்களை எடுத்துக்கொண்டு அன்றே டன்லீவியிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஜோ, இதெல்லாம் பேப்பர். பேப்பரை எடுத்துக்கிட்டு, பணம் ஒதுக்கற காலேஜ் அறங்காவலர்கள் முன்னாடி போனா அவங்க பேப்பராத்தான் பாப்பாங்க. ஏதாவது நடந்திருந்தா பேசலாம். நடக்கலயே.”

“நடக்கறதுக்கு முன்னாடி நிறுத்தத்தானே இந்தப் பேப்பரு?”

“எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணும்ல? சும்மா சொல்றேன்னு நெனைக்காத, ஒரு சம்பவம் இருந்தா நானே உனக்காகச் சண்டை போடுவேன்.”

அவர் சொன்ன வார்த்தை அதுதான், சம்பவம். உங்கள் விசாரணை அறிக்கையில் இதை எழுதிக்கொள்வது நல்லது. அந்த வார்த்தையை முதலில் சொன்னது நான் இல்லை.

பதினைந்தைத் தாண்டிய மூவரில் ஒருவன் மல்யுத்தக்காரன். ஒருத்தி நெடுந்தூரம் ஓடுகிறவள். மூன்றாமவள் டைவிங், உயரப் பலகையிலிருந்து நீச்சல் குளத்தில் பாய்கிறவள். டொலீடோவில் எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர் இருக்கிறார், மன நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவரிடம் பேசி, மல்யுத்தக்காரனையும் ஓட்டக்காரியையும் என் காரிலேயே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன். அவன் இப்போது தூங்குகிறான். அவள் சாப்பிடுகிறாள். மீதிப் பதினாறு பேரையும் நானே வாரா வாரம் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். யாரையும் நான் கைவிடவில்லை.

மூன்றாவது தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காரில் இடம் இருந்தது.

அவள் பெயர் ப்ரின் ஹோல்ஸ்டட். இரண்டாம் வருடம், பத்தொன்பது வயது. இண்டியானாவில் சோளம் போடுகிற குடும்பம். மதிப்பெண், இருபத்தொன்றுக்குப் பதினெட்டு. பென்சிலை அழுத்தி எழுதுகிற பழக்கம் அவளுக்கு. ஒவ்வொரு மூன்றும் தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

எங்கள் டைவிங் கோச் ரஸ் வெண்டலிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் கற்ற இடத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, இவரும் சொல்லிக் கொடுக்கிறார். மூன்று மீட்டர் பலகைக்கு ஏறிவிட்டால் ஏணி வழியாக இறங்கக்கூடாது. “ஏறினா, இறங்கற வழி தண்ணிதான்” என்பார். யாராவது ஏணியில் இறங்கிவிட்டால் மொத்த அணியும் கூடுதலாகப் பத்துப் பாய்ச்சல் பாய வேண்டும். ரஸ் கொடுமைக்காரர் இல்லை. பயத்தை ஒருமுறை இறங்க விட்டால் அது ஏணியிலேயே குடியிருக்கும் என்று நம்புகிறவர்.

அக்டோபரில் ப்ரின் இறங்கினாள். பலகையின் நுனியில் ஆறு நிமிடம் நின்றாள். அப்புறம் திரும்பி நடந்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். யாரும் திட்டவில்லை. எல்லாரும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அவளுடைய அறைத்தோழிதான் பேசினாள்.

“ஏணி இறங்கறதுக்கு எத்தன மார்க்குடி, ப்ரின்?”

“கஷ்டமான பாய்ச்சல்டி அது. நடுவருங்க பாக்கல, அதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். ப்ரின்தான் அதிகம் சிரித்தாள். குளத்தின் ஓரத்தில் அவள் கால் கட்டைவிரல் தரை ஓட்டின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். அதைப் பார்ப்பதுதானே என் வேலை.

அவள் பயந்தது ஒரே ஒரு வகைப் பாய்ச்சலுக்குத்தான். ரிவர்ஸ் என்போம். தண்ணீரைப் பார்த்து முன்னால் குதித்து, காற்றில் பின்பக்கமாக, பலகையை நோக்கியே சுழல வேண்டும். தைரியமாக வெளியே எகிறினால் ஒன்றும் ஆகாது. பயந்தவள் எகிற மாட்டாள், பலகையை ஒட்டியே குதிப்பாள். தலை சுழன்று வருகிற இடத்தில் பலகை இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். குளக்கரையில் நாலு வருடம் நின்றால் போதும்.

நவம்பரில், மணிக்கட்டுக்குக் கட்டுப் போட என் அறைக்கு வந்தாள். கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“ஜோ, ஆகஸ்ட்ல எழுதினோமே, அந்தத் தாளு. என்னோடது எவ்வளவு வந்துச்சு?”

“ஏன் கண்ணு?”

“நிறைய மூணு போட்டேன். யாராவது கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்.”

“எல்லாருக்கும் இருக்கறதுதான் உனக்கும் இருக்கு. ரொம்ப யோசிக்காத.”

கட்டின் ஓரத்தை மறு கை விரலால் தடவினாள்.

“எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குன்னா, அவங்கல்லாம் எப்படிச் சாதாரணமா இருக்காங்க?”

நல்ல கேள்வி. நான் கட்டின் முனையைக் கிழித்து ஒட்டி, விரல்களை மடக்கிப் பார்க்கச் சொன்னேன். ரத்த ஓட்டம் சரியாக இருந்தது.

ஏன் இவள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, நானும் அதை நிறைய யோசித்தேன். மல்யுத்தம் ஆடுகிறவன் ஒடிந்தால் அது விளையாட்டுக் காயம் என்று சொல்லிவிடுவார்கள். ஓட்டக்காரி ஒடிந்தால் விடுதி அறைக்குள் ஒடிவாள். மறுநாள் பூங்கொத்து வைப்பார்கள், ஒரு வாரத்தில் மறந்துபோவார்கள். டைவிங் அப்படி இல்லை. வெளிச்சம் இருக்கும். அரங்கம் அமைதியாக இருக்கும். எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவளுக்கு எதுவும் ஆக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அவள் பலகையில் உறைந்து நின்று, எல்லார் முன்னாலும் அழுதிருந்தால்கூட எனக்குப் போதும். அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. அழுகையும் பேப்பர் மாதிரித்தான். அறங்காவலர்களுக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும்.

குளத்தை ஒட்டிய சின்ன அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. அதில் ஒவ்வொருவர் பெயர் எழுதிய காந்தம். பச்சைக் கட்டத்தில் இருந்தால் ஆடலாம். மஞ்சளில் இருந்தால் என்னைக் கேட்க வேண்டும். சிவப்பில் இருந்தால் கூடாது. காந்தத்தை நகர்த்தும் உரிமை எனக்கு மட்டும். ஜனவரியில் ஒரு காலை ப்ரின்னின் காந்தம் மஞ்சளில் இருந்தது. நான் வைக்கவில்லை. அவளே வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை செய்யக்கூடிய காரியம் அது.

நான் அதை எடுத்துப் பச்சையில் வைத்தேன்.

மறுநாளும் மஞ்சளில் இருந்தது. அன்றும் எடுத்துப் பச்சையில் வைத்தேன். மூன்றாம் நாள் அவள் வாசலில் வந்து நின்றாள்.

“என் காந்தம் மறுபடி பச்சையில இருக்கு, ஜோ.”

“நான்தான் வச்சேன். நீ நல்லாத்தான் இருக்க.”

“நெசமாவா?”

“இருபத்துமூணு வருஷமா பாக்கறேன் கண்ணு. நல்லா இல்லன்னா எனக்குத் தெரியாதா?”

அவள் முகத்தில் வந்தது நிம்மதி மாதிரித்தான் இருந்தது. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் காந்தம் நகரவில்லை.

பிப்ரவரியில் அறங்காவலர்கள் கூட்டத்துக்காக ஊருக்கு வருவார்கள். அந்த வாரச் சனிக்கிழமை மதியம் கூடைப்பந்து ஆட்டத்துக்குத்தான் டன்லீவி வழக்கமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். இந்தத் தடவை நீச்சல், டைவிங் போட்டிக்குக் கூட்டி வரும்படி சொன்னேன். பெண்கள் அணியை யாருமே பார்ப்பதில்லை, பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றேன். அவருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. முன்வரிசையில், பலகைக்கு நேர் எதிரே, ஐந்து நாற்காலிகளில் நானே பெயர் எழுதி ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாலை ரஸ் என் அறைக்கு வந்தார். உள்ளே வராமல் கதவில் சாய்ந்துகொண்டே நின்றார்.

“நாளைக்கு யார் என்ன பாய்ச்சல்னு லிஸ்ட் குடுக்கணும், ஜோ. ப்ரின்னுக்கு ரிவர்ஸ் போட்டிருக்கேன். மண்டலப் போட்டிக்குப் போகணும்னா அந்த வகையும் வேணும். ஆனா இன்னிக்குப் பயிற்சில அவ கை நடுங்கிச்சு. நான் பாத்தேன்.”

“பதற்றம் யாருக்குத்தான் இல்ல?”

“நான் பழைய ஆளு. ஏணியில இறங்காதேன்னு சொல்லத்தான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் நீ படிச்சவ. எடுத்துடுன்னு ஒரு வார்த்த சொல்லு, எடுத்துடறேன். மண்டலம் அடுத்த வருஷமும் வரும்.”

கவனியுங்கள், அவர் எடுத்துவிடத் தயாராக இருந்தார். ரஸ் மேல் வழக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது சரியில்லை. அதற்காகவாவது இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

“உடம்புல ஒண்ணுமில்ல ரஸ். லிஸ்ட்டுல இருக்கட்டும்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில், தண்ணீரில் மிதக்கும் ஸ்ட்ரெச்சரைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து குளக்கரையில் வைத்தேன். அது எப்போதும் கிடங்கில்தான் இருக்கும். வார்ப்பட்டைகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்று பிய்ந்திருந்தது, மாற்றினேன். கழுத்துப் பட்டைகளில் அவள் அளவுக்கு ஒன்றை எடுத்துத் தனியே வைத்தேன். இதை நீங்கள் எனக்கு எதிராக எழுதுவீர்கள். எனக்கு அது புரியவில்லை. அக்கறையில்லாதவள் இதையெல்லாம் செய்வாளா?

அவளுடைய நான்காவது பாய்ச்சல் ரிவர்ஸ். ஏறினாள். நுனிவரை நடந்து, நின்று, திரும்பி ஒரு தடவை ஏணியைப் பார்த்தாள். அவளுடைய அணியிலிருந்து யாரோ “போடி ப்ரின்” என்று கத்தினார்கள், அன்பாகத்தான். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

பலகையை ஒட்டித்தான் குதித்தாள்.

சத்தம் பெரியதாக இல்லை. கதவை யாரோ தட்டியது மாதிரி. எல்லாருக்கும் முன்னால் நான் தண்ணீரில் இருந்தேன். காவலுக்கு இருந்தவர்கள் விசிலை வாயில் வைப்பதற்குள் அவளைப் புரட்டி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் அவள் கழுத்து ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அப்படி யாராலும் பிடிக்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் பிடித்ததால்தான் மூச்சு நிற்கவில்லையாம்.

கண் விழித்திருந்தாள். மேலே என்னைப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

“நான் எழுதினேன்ல, ஜோ?”

“எழுதின கண்ணு. பேசாத” என்றேன். பேசினால் கழுத்துக்கு நல்லதில்லை.

இப்போது அவளால் வலது கையின் இரண்டு விரல்களை அசைக்க முடிகிறது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார்கள்.

நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. திங்கட்கிழமை அறங்காவலர்கள் மறுபடி கூடினார்கள். டன்லீவி தன் வாக்கைக் காப்பாற்றினார், எனக்காகச் சண்டை போட்டார். சண்டையே தேவைப்படவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் அவர் பேசி முடிக்கும் முன்பே கை தூக்கினார்கள். ப்ரின்னின் தாளை ஆகஸ்டிலேயே ஆலோசனை மையத்துக்கு அனுப்பினேன், அவர்களுடைய நீண்ட வரிசையில் அது காணாமல் போயிருக்கும் என்று சொன்னேன். அந்த மையத்தின் தலைவி ஃபிலிஸ் ஆர்கண்ட் அப்படி ஒரு தாள் வரவே இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. அவர் வேலையை விட்டுப் போனார். அதற்காக வருத்தப்படுகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாளை நான் அனுப்பியிருந்தால் அது காணாமல்தான் போயிருக்கும்.

ஏப்ரலிலிருந்து முழு நேர ஆலோசகர்கள் இரண்டு பேர். நான் கேட்டது ஒருவர்தான். ஜன்னலுள்ள அறை, மெத்தை போட்ட நாற்காலிகள், கதவில் ப்ரின்னின் பெயர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்து திறந்து வைத்தார்கள். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இந்தக் கைதானே என்று சொல்லி அழுதார். அவருடைய கை சொரசொரவென்று இருந்தது. இந்த ஆகஸ்டில் நாற்பத்தொரு பேர் பத்தைத் தாண்டினார்கள், அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் நேரம் கிடைத்தது. யாரும் உட்கார வைக்கப்படவில்லை. அந்த ஃபுட்பால் பையன்கள்கூட இப்போது இரண்டும் மூன்றும் போடுகிறார்கள்.

ஆர்கண்ட் அம்மாள் தன் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தது நல்லதுதான். நீங்கள் கேட்டதும் இழுப்பறையைத் திறந்து தாளை நானே எடுத்துக் கொடுத்தேனே. நான் அதை ஒளித்து வைக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தேன். பதினெட்டு என்று தெரிந்தே வைத்திருந்தேன். தெரிந்தே பச்சையில் வைத்தேன், தெரிந்தே லிஸ்ட்டில் விட்டேன். ஆமாம், செய்தது நான்தான். ஒருத்தி ஒரு தட்டிலும் நாற்பத்தொரு பேர் இன்னொரு தட்டிலும் இருந்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று நீங்களே சொல்லுங்கள். எட்டு வருடம் நல்ல வழியில் கேட்டேன். அவர்கள் எனக்கு வேறு வழி வைக்கவில்லை.

கடைசியாக அந்த மின்னஞ்சலைப் பற்றிக் கேட்டீர்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை டன்லீவி அனுப்பியது. படித்தேன். அறங்காவலர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், விளையாடும் பிள்ளைகளுக்கென்று மார்ச் முதல் தேதி ஓர் ஆலோசகர் வேலைக்கு வருவார், உன் எட்டு வருடம் வீண் போகவில்லை ஜோ என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ரஸ் கதவில் சாய்ந்து நின்று கேட்டபோது அது என் எதிரே திரையில் திறந்துதான் இருந்தது.

என்னைப் பார்க்கிற பார்வையிலிருந்தே தெரிகிறது, நீங்கள் அதை முழுதாகப் படிக்கவில்லை. இரண்டாவது பத்தியைப் பாருங்கள். அரை நேரப் பணி என்று போட்டிருக்கிறார்கள். நான் கேட்டது முழு நேரம்.